நீலக் கோடு

என் அண்ணியைப் பற்றி யாராவது எழுத வேண்டுமென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். அவரோடு அவ்வளவு சண்டை போட்டவர்கள் வேறு யாரும் கிடையாது. பதினேழு வருஷம் ஒரே கூரை, ஒரே அடுப்பு, பின்கட்டில் ஒரே தகரக் கொட்டகை. அண்ணனை நான் அவன் இவன் என்றுதான் சொல்வேன், கூடப்பிறந்தவன். அண்ணியை மட்டும் முதுகுக்குப் பின்னால் திட்டும்போதுகூட 'அவர்' என்றுதான் வாயில் வருகிறது.

மீன் வெட்டும் கம்பெனியில் எனக்கு எதிர் மேஜைதான் அவருக்கு. நான்தான் அண்ணனுக்குப் பார்த்துச் சொன்னேன். அதனால் அவர்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் என் தலையில்தான் விடியும். "உங்க அண்ணனைப் பத்தி வாய் கிழியச் சொன்னியே" என்று ஆரம்பிப்பார். என் புருஷன் இரண்டு வருஷத்தில் என்னை விட்டுவிட்டுப் போனான், நான் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தேன். அது வேறு கதை, அதை இழுத்தால் இது என் கதையாகிவிடும். வந்த அன்று அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, "உன் துணியை இங்க வச்சுக்க, ஈரத்துணியை உள்ள கொண்டு வராத" என்றார்.

அவர் வேலை தோல் உரிப்பது. வால் பக்கம் ஒரு கீறல், இடது கையால் ஒரு பிடி, கத்தியைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு. சதை மேஜையில் நிற்கும், தோல் கையோடு வந்துவிடும். உரித்த தோலெல்லாம் கூடைக்குப் போகும். சாயங்காலம் லாரி வந்து கூடைகளை அள்ளிக்கொண்டு போகும், தீவனத்துக்கு அரைக்க. எங்களுக்கெல்லாம் அது குப்பை. அண்ணிக்கும் அப்படித்தான் இருந்தது, அண்ணனின் மூக்கில் துளை விழும்வரை.

அண்ணன் டேனரியில் இருந்தான். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் குரோம் போட்டுப் பதமாக்கும் இடம். குரோம் ஒரு மருந்து, அது ஏறினால் தோல் அழுகாது. மற்ற இடங்களில் அது மூட்டையில் பச்சைத் தூளாக வந்து இறங்குமாம். இவன் முதலாளி ரொம்பக் கெட்டிக்காரர். ஆரஞ்சு நிற உப்பை மலிவாக வாங்கி, அமிலமும் சர்க்கரை ஆலைப் பாகும் ஊற்றிச் சொந்தமாகவே காய்ச்சிக்கொள்வார். சொந்தமாக என்றால் என் அண்ணனை வைத்து. ஆரஞ்சு பச்சையாக மாறும்வரை தொட்டிமேல் குனிந்து கிளற வேண்டும். கிளறும்போது எழும்பும் ஆவி எங்கே போகும், கிளறுபவன் மூக்குக்குள்தான் போகும். முகத்துக்குக் கட்டிக்கொள்ள ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள், அதுவும் இவன் துண்டு.

ஐந்தாம் வருஷம் கையில் கடுகு அளவுக்குத் துளைகள் வந்தன. ஓரம் தடித்து, ஆறாமல் அப்படியே நிற்கும். எட்டாம் வருஷம் மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாகிவிட்டது. வலிக்கவே இல்லை என்றான். ஒரு துவாரத்தில் நூலை விட்டு அடுத்த துவாரம் வழியாக எடுத்து, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு வித்தை காட்டினான். வீட்டிலும் ஒருநாள் காட்டினான். நான் சிரித்தேன். அண்ணி அந்த நூலைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். அப்புறம்தான் கவனித்தோம், அவனுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறும், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பான்.

டாக்டர் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "மூக்கு போனது போனதுதான். அடுத்தது நுரையீரல். இன்னைக்கு அந்த வேலையை விட்டீங்கன்னா தப்பிக்க வழி இருக்கு. இழுத்துக்கிட்டே போனா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

விடு என்று சொல்வது எளிது. அந்தக் கையைப் பார்த்து வேறு யார் வேலை கொடுப்பார்கள்? இரண்டு இடத்தில் கேட்டான். ஒட்டுவாரொட்டி வியாதி என்று நினைத்து வாசலோடு அனுப்பிவிட்டார்கள். என் சம்பளமும் அண்ணி சம்பளமும் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாக இருக்கும், மருந்துக்குத் தாங்காது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்னார்.

"வீட்லயே ஒரு வேலை பண்ணிடலாம். மீன் தோலைப் பதம் போட்டு விக்கலாம். குரோம் இல்லாம."

"குரோம் இல்லாமலா?" என்று அண்ணன் சிரித்தான். "சமைக்கிறேன், ஆனா அடுப்பு இல்லாமங்கிற மாதிரி இருக்கு."

"பட்டையில பண்ணலாமாம். மரப்பட்டைச் சாறு. மூணு நாள் வகுப்பு நடத்துறாங்க, நோட்டீஸ் பார்த்தேன்."

அந்த மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்தவரைக் கம்பெனியில் 'தோல் பைத்தியம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரை வைத்தது நான்தான், இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

முதல் தொட்டி பசையாகப் போனது. மீன் தோலுக்குச் சூடு ஆகாது, குளிக்கும் வெந்நீர் அளவுக்குக்கூடத் தாங்காது. அண்ணி கை விறைக்கிறதே என்று வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினார், நாற்பது தோல் கண்ணெதிரே சுருங்கிக் கூழாகிவிட்டது. இரண்டாவது தொட்டி அழுகியது. வீட்டுக்காரர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கத்திவிட்டுப் போனார், அண்ணன் மட்டும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது அழுகவில்லை, தகரம் மாதிரி விறைத்துக்கொண்டது. மடக்கினால் ஒடிந்தது. அண்ணி அதை என் முன்னால் வைத்து, "சிரி, சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லு, கூட வந்து சுரண்டுவியா மாட்டியா" என்று கேட்டார். நான் சுரண்டப் போனேன்.

ஏழாவதோ எட்டாவதோ தொட்டியில்தான் கைக்கு வந்தது. உள்பக்கச் சதையை மழுங்கின கத்தியால் சுரண்ட வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் செதில் கழன்று வரும், செதில் இருந்த பைகள் மட்டும் வரிவரியாக நிற்கும். அந்த வரிக்குத்தான் மதிப்பு. கொழுப்புப் போக சோப்புத் தண்ணீர், பிறகு பட்டைச்சாறு. அதிலும் முதலில் பழைய நீர்த்த சாறு, இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் கெட்டி, அப்புறம் நல்ல கெட்டி. அவசரப்பட்டு முதல் நாளே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்தோல் மூடிக்கொள்ளும், உள்ளே பச்சையாகவே கிடந்து பிறகு அழுகும். ஏறிவிட்டதா என்று பார்க்க ஓரத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டின இடத்தில் நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஏறவில்லை. முழுக்கப் பழுப்பாக இருந்தால் எடுக்கலாம்.

இது கண்ணுக்கு. அதற்கு முந்தின நாட்களில் மூக்குதான் எல்லாம். நல்ல தொட்டியில் மீன் வாடை நாளுக்கு நாள் அடங்கி நனைந்த மரத்தின் வாடை வரும். கெட்டுப்போகிற தொட்டியில் லேசாக இனிப்பு கலந்த ஒரு நாற்றம் கிளம்பும். அது கிளம்பின அரை மணிக்குள் உப்பைப் போட்டு, தண்ணீரை மாற்றினால் காப்பாற்றலாம். அண்ணி ஒருநாளைக்குப் பத்துத் தடவை தொட்டிமேல் குனிந்து மோந்து பார்ப்பார். ஒருத்தர் குனிந்து குனிந்து மூக்கைத் தொலைத்த வீட்டில் இன்னொருத்தர் குனிந்து குனிந்து மோந்துகொண்டிருந்தார், என்னத்தைச் சொல்ல.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. கண்காட்சியில் வைத்த நாலு தோலைப் பார்த்துவிட்டு ஒரு பை கம்பெனியிலிருந்து ஒரு மேடம் தேடிக்கொண்டு வந்தார். கொட்டகையில் ஸ்டூல்கூட இல்லை, கவிழ்த்துப் போட்ட மீன் கூடைமேல் உட்கார்ந்தார். நல்ல மனுஷி. இருநூறு தோல் கேட்டார். அது பாஸானால் மாதாமாதம் ஆர்டர். ஒரே ஒரு நிபந்தனை, குரோம் துளிகூட இருக்கக் கூடாது, லேபில் டெஸ்ட் பண்ணுவார்கள்.

மேடம் போனதும் அண்ணி அண்ணனைப் பார்த்து, "இருநூறும் மூட்டை கட்டுற அன்னிக்கு நீங்க எழுதிக் கொடுத்துட்டு வந்துடணும். ஒருநாள் தாமதிக்கக் கூடாது" என்றார். அவன் சரி என்றான். அவன் இருமல் அதற்குள் காலையில் மட்டும் என்பது போய் சாயங்காலமும் என்று ஆகியிருந்தது.

இருநூறும் முதல் சாற்றில் இறங்கின மறுநாள் அண்ணியின் அப்பா இறந்துபோனார். ஊர் தூரம், நாலு நாளாவது ஆகும். அழுதுகொண்டே துணி எடுத்து வைத்த அண்ணி, அதே அழுகையோடு அண்ணனுக்குப் பாடம் நடத்தினார். காலை, மதியம், சாயங்காலம் கிளறணும். மூன்றாம் நாள் அடுத்த தொட்டிக்கு மாத்தணும். வாடை மாறினால் உப்பு. "உங்களுக்குத் தெரியாது. இவ வேலை முடிஞ்சு வந்ததும் இவளை மோந்து பார்க்கச் சொல்லுங்க." அண்ணன் டேனரியில் லீவு சொன்னான். எனக்கு லீவு கிடைக்கவில்லை, உண்மையைச் சொன்னால் நான் கேட்கவே இல்லை.

அந்த நாலு நாளும் வெயில் கொளுத்தியது. இரண்டாம் நாள் நான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"கொஞ்சம் வந்து மோந்து பாரேன். தோல் வழவழன்னு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

எட்டு மணி நேரம் மீன் குடலில் நின்றுவிட்டு வந்தவள் மூக்கில் மீனைத் தவிர என்ன ஏறும்? போய்க் குனிந்தேன், நிமிர்ந்தேன். "மீன் தோல் மீன் வாடைதான் அடிக்கும். பின்ன மல்லிகைப்பூ வாடையா அடிக்கும்?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். நன்றாக மோந்து பார்த்திருக்கலாம், முகத்தைக் கழுவிவிட்டு இன்னொரு தடவை போயிருக்கலாம். எனக்கு அப்போது கால் வலித்தது, அவ்வளவுதான்.

மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு அவன் டேனரிக்கு நடந்து போயிருக்கிறான். காய்ச்சி வைத்ததில் ஒரு கேன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். பத்து வருஷத்துக்கு மேலாக அவன் பார்த்தது ஒன்றுதான், எவ்வளவு கெட்டுப்போக இருந்த தோலும் குரோமில் விழுந்தால் பிழைத்துக்கொள்ளும். பட்டைக்கு வாரக்கணக்கில் ஆகிறது, குரோமுக்கு மதியம் போதும். தோலை எல்லாம் வடித்து, உப்புத் தண்ணீரில் இரண்டு மக் ஊற்றி, கிளறி, அலசி, திரும்பவும் பட்டைச்சாற்றில் போட்டுவிட்டான். டிரம் டிரம்மாகக் குரோம் பார்த்தவனுக்கு இரண்டு மக் ஒரு பொருட்டா? மூன்று தடவை அலசினால் போய்விடும் என்று நிஜமாகவே நம்பியிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணி வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லயே, என்னைவிட நல்லாப் பார்த்துட்டு இருக்கீங்களே" என்றார். அண்ணன் தலையைச் சொறிந்தான். இரண்டு வாரம் கழித்து எடுத்துக் காயவைத்தபோது நானே அசந்துபோனேன். அதுவரை அப்படி ஒரு தோல் எங்கள் கொட்டகையில் வந்ததில்லை. துணி மாதிரி விழுந்தது. வரி ஒன்றுகூடக் கலையவில்லை.

ஓரம் வெட்டிச் சீராக்குவது என் வேலை. உட்கார்ந்து வெட்டிக்கொண்டே வந்தேன். முதுகுப் பக்கம், தோல் தடித்திருக்கும் இடத்தில், வெட்டின ஓரத்தில் நூல் கனத்துக்கு ஒரு கோடு இருந்தது. வெள்ளையாக இருந்தால் சாறு ஏறவில்லை என்று சொல்லியிருப்பேன். அது வெளிர்நீலமாக இருந்தது. குரோம் ஏறின தோலுக்குத்தான் அந்த நீலம் வரும். பத்து வருஷம் அண்ணன் சட்டையைத் துவைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா அந்த நீலம்?

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து தோலைத் தேய்த்து இளக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், நான் கையில் வைத்திருந்ததைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். நான் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டேன். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். அண்ணியின் வாய்க்குப் பயம். அண்ணன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் ஒழுங்காக மோந்து பார்க்கவில்லை என்பதும் வெளியே வந்துவிடும். பழுப்புக்குள் ஒரு நூல் நீலம், எந்த மெஷினுக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அனுப்புவதற்கு முந்தின நாள் மூட்டை கட்டினோம். சொன்ன சொல் தவறாமல் அன்று மதியமே அண்ணன் டேனரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். கம்பெனி கொடுத்த பூட்ஸை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, அந்த வெயிலில் வெறுங்காலோடு நடந்து வந்தான். வாசலில் நின்று, "காலைக் கழுவத் தண்ணி கொண்டா" என்று சத்தமாகக் கேட்டான். அண்ணி கொட்டகையிலிருந்து வந்து அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம்தான் எங்கள் வீட்டில் நல்ல காலம். அண்ணன் கையில் இரண்டு துளைகள் மூடிக்கொண்டன. மூக்கில் ரத்தம் வருவது நின்றது. அடுத்த லாட்டுக்கு மீன் கம்பெனியிலிருந்து தோல் கூடையைச் சுமந்து வந்து, அண்ணி சொன்னபடி சுரண்டினான். வாடை மட்டும் அவனுக்குத் தெரியாது என்பதால் அண்ணி நடு நடுவே, "இப்ப மர வாடை வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிற மாதிரி. இதையெல்லாம் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

மேடம் நேரிலேயே வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை. "குரோம் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல, நிறையவே இருக்கு. குரோம் இல்லாத தோல்னு சொல்லி விக்கிற பொருள். எங்களை மாட்டி விட்டிருப்பீங்க" என்றார். வேறு தோல் செய்து தருகிறோம் என்று நான்தான் குறுக்கே விழுந்து சொன்னேன். "ஒரு தடவை இப்படி வந்த இடத்துல எங்க ஆபீஸ்ல மறுபடி வாங்க மாட்டாங்கம்மா. எனக்கே வருத்தமாத்தான் இருக்கு."

மேடம் காரில் ஏறும்வரை அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கார் போனதும் அண்ணியிடம் வந்தான்.

"நான்தான் போட்டேன். நீ ஊருக்குப் போயிருந்தப்ப. கெட்டுப்போயிடுச்சோன்னு பயந்துட்டேன். எனக்கு வாடை தெரியலம்மா."

நான் இடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். அண்ணி ரிப்போர்ட்டை நாலாக மடித்தார். "போட்டது போட்டாச்சு. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அன்றும் இல்லை, அதன் பிறகும் இல்லை. எப்பேர்ப்பட்ட பொறுமை என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். இப்படி ஒரு மனுஷி கிடைக்க என் அண்ணன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றேன்.

திங்கட்கிழமை அண்ணன் டேனரி வாசலில் போய் நின்றான். வேறு இடம் காலி இல்லை, காய்ச்சும் அறைதான் காலியாக இருந்தது. அங்கே வர யாரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். பழைய பூட்ஸையே கொடுத்தார்கள்.

பதினோரு மாதம். அந்த விஷயம் பரவி வேறு எந்தக் கம்பெனியும் எங்கள் தோலைத் தொடவில்லை. அண்ணி விடவில்லை, செய்துகொண்டே இருந்தார், கேட்டவர்களுக்கெல்லாம் சாம்பிள் அனுப்பினார். அண்ணன் கொட்டகைக்குள் காலே வைப்பதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை, அவனாகத்தான். "என் சட்டையில இருக்கும், கையில இருக்கும்" என்பான். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, வெளியே கூடைமேல் உட்கார்ந்து கொட்டகை ஜன்னல் கம்பிவலை வழியாக எங்களைப் பார்ப்பான். அண்ணி அவன் பக்கம் திரும்பவே மாட்டார். கோபம் என்று நினைத்தேன். கோபம் இருக்காதா பின்னே என்றும் நினைத்தேன்.

பன்னிரண்டாம் மாதம் ஒரு செருப்புக் கம்பெனி வாங்க முன்வந்தது, லேபுக்கு அனுப்பியது, பாஸானது. அண்ணன் இரண்டாவது தடவை எழுதிக் கொடுத்தான். அந்த வாரம்தான் இருமலில் ரத்தம் வந்தது.

அதே டாக்டர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அண்ணிக்குப் புரிந்துவிட்டது. "போன வருஷமே விட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் பேனாவை மூடினார். "அதைச் சொல்ல முடியாதும்மா. அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம். அப்புறமும் ஆரம்பிச்சிருக்கலாம்." அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்ன செய்யும்? அப்போதே விட்டிருந்தால் தப்பித்திருப்பான் என்றால் அழலாம், அப்போதும் தப்பித்திருக்க மாட்டான் என்றால் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் எட்டுப் படுக்கை வார்டு. அண்ணன் ஜன்னலோரம். நான் பகலில் இருப்பேன், அண்ணி கொட்டகை வேலையை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் வருவார். ஒருநாள் காலை அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"நான் ஊத்துன அந்த ரெண்டு மக்தானே எல்லாத்துக்கும் காரணம்? அவ ரெண்டு வருஷம் பாடுபட்டதை நான் ஒரே மதியத்துல கெடுத்துட்டேன். ஒரு வார்த்தை திட்டலையே அவ. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

நான், "பேசாம படு அண்ணா" என்றேன். எழுந்து வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

மதியம் அண்ணி வந்ததும் வராந்தாவிலேயே நிறுத்தினேன். இனி தாங்காது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒழுங்காக மோந்து பார்க்காததைச் சொன்னேன். ஓரம் வெட்டும்போது நீலக் கோட்டைப் பார்த்ததைச் சொன்னேன், துண்டுகளை அடுப்பில் போட்டதைச் சொன்னேன். "அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருந்தா லாட்டை நிறுத்தியிருப்பீங்க அண்ணி. மேடம்கிட்ட ஒரு மாசம் தவணை கேட்டிருக்கலாம். அண்ணன் மறுபடி அங்க போயிருக்கவே மாட்டான். நான்தான் கெடுத்தேன்."

அண்ணி பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"தோல் வெளிய போறதுக்கு முன்னாடி ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டுப் பார்க்கணும்னு வகுப்புல சொல்லிக்கொடுத்தாங்க. பட்டைத் தோல் சுருண்டுடும். குரோம் ஏறின தோல் அசையாது. மூட்டை கட்டுன அன்னிக்குப் போட்டேன். அசையவே இல்ல. அது பாட்டுக்கு தண்ணியில மிதந்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது துண்டு போட்டேன், மூணாவது போட்டேன்."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க அண்ணனைக் கேக்கலாம்னு கொட்டகையை விட்டு வெளிய வந்தேன். வாசல்ல வெறுங்காலோட நிக்கிறார். எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன், தண்ணி கொண்டாங்கிறார். அந்த முகத்தைப் பார்த்து நான் என்னன்னு சொல்றது? திரும்பப் போய் பூட்ஸை மாட்டிக்கங்கன்னா? டெஸ்ட்டுல தப்பிச்சாலும் தப்பிச்சுடும்னு அனுப்பிட்டேன்."

"அப்ப அவன் வந்து ஒத்துக்கிட்டப்ப..."

"எந்த வாயால திட்டுறது? எனக்கே தெரிஞ்சுதானே அனுப்புனேன். அப்பவே சொல்லியிருக்கணும். அசிங்கமா இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளிப் போயிடுச்சு. நீ வேற தெரு முழுக்க என் பொறுமையைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்த."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேலா என்மேலா தெரியவில்லை. பதினோரு மாதம் அந்த மனுஷன் கம்பிவலைக்கு வெளியே உட்கார்ந்து, எல்லாப் பழியையும் தனியாகச் சுமந்துகொண்டு இருந்தானே, நாங்கள் இரண்டு பேரும் உள்ளே நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தோம். "உள்ள போய் அவன்கிட்ட சொல்லுங்க. இப்பவே போங்க" என்றேன். அண்ணியோடு எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன், அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார், மெதுவாக, அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். "உங்க தப்பு மட்டும் இல்ல. தெரிஞ்சேதான் அனுப்புனேன்" என்று முடித்தார்.

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. கோபப்படுவான், அழுவான் என்றெல்லாம் நினைத்தேன்.

"மூணு துண்டு போட்டியா?" என்று கேட்டான்.

"மூணு."

"ஒண்ணுகூடச் சுருளலையா?"

"சுருளல."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். முகத்தில் என்னவோ தளர்ந்தது.

"அப்ப நல்லாத்தான் பண்ணியிருக்கேன், என்ன?" என்றான்.

"ஆமா" என்றார் அண்ணி. "அவ்வளவு நல்ல தோல் நான்கூட இன்னும் பண்ணல."